செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கே இருப்பாய்?

என் மேசை இழுப்பறையில் ஒரு படிவம் கிடக்கிறது. எப்போதோ கோப்பில் சேர்த்திருக்க வேண்டியது, சேர்க்க மனம் வரவில்லை. வெளிநாட்டில் ஒரு பருவம் படித்துவிட்டுத் திரும்புகிற மாணவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு நிரப்பிக் கொடுக்கிற படிவம் அது. தங்குமிடம் எப்படி இருந்தது, அங்கே படித்த பாடங்களை இங்கே ஏற்றுக்கொண்டார்களா, மருத்துவக் காப்பீடு பயன்பட்டதா என்று போய், கடைசிக்கு முந்தைய கேள்வியாக 'அந்த நாட்டின் கலாச்சாரத்தைப் பற்றி என்ன தெரிந்துகொண்டீர்கள்?' என்று வரும். அந்த இடத்தில் எல்லோரும் நல்லதாக நாலு வரி எழுதுவார்கள். என் பார்வையே மாறிவிட்டது, மறக்க முடியாத நண்பர்கள் கிடைத்தார்கள், வாய்ப்புக் கிடைத்தால் மறுபடியும் போவேன். நானும் வாசித்துச் சந்தோஷப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். இந்தப் பெண் மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: 'அந்த வீட்டில் நாலு மாதம் தங்கினேன். எட்டு நாள்தான் வாழ்ந்தேன்.'

அந்த வீட்டை அவளுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தது நான். அவள் முதலில் மாணவர் விடுதிதான் கேட்டாள். விடுதி வேண்டாம், ஒரு குடும்பத்தோடு இரு, அப்போதுதான் அந்த ஊரை உள்ளேயிருந்து பார்ப்பாய் என்று மூன்று முறை உட்கார வைத்துப் பேசி மனதை மாற்றினேன். அதனால்தான் அந்த இரண்டு வாக்கியம் என்னை விடவே இல்லை. மறுநாளே அவளை வரச் சொன்னேன். அவள் சொன்னதைச் சொல்வதற்கு முன்னால், நான் அதுவரை மாணவர்களிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வரைந்த கோடு

இந்த வேலையில் பாதிக்கு மேல் காகிதம்தான். பரிந்துரைக் கடிதம், பாஸ்போர்ட் எப்போது முடிகிறது, வங்கிச் சான்று, எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு, விசா நேர்காணல் தேதி. ஆனால் காகிதத்துக்காக நான் இந்த வேலைக்கு வரவில்லை. இன்னொரு மொழிக்குள்ளும் இன்னொரு வீட்டுக்குள்ளும் சில மாதம் இருந்துவிட்டு வருகிற ஒருவர், தன் வீட்டையே புதுக் கண்ணால் பார்ப்பார் என்று நம்பி வந்தேன். இன்றைக்கும் அதை நம்புகிறேன். இது பழைய நம்பிக்கை. 1923-ல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்திலிருந்து ரேமண்ட் கர்க்பிரைடு என்கிற பேராசிரியர் 8 மாணவர்களைக் கப்பலில் பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நேராகப் பாரிஸுக்குப் போகவில்லை, முதலில் நான்சி நகரத்தில் மொழிப் பயிற்சி, அப்புறம்தான் பாரிஸ். ஒவ்வொரு வருடமும் புறப்படும் மாணவர்களுக்கு நடத்துகிற வழிகாட்டுக் கூட்டத்தை இந்தக் கதையில்தான் தொடங்குவேன். அதற்கப்புறம் மூன்று புத்திமதி: முடிந்தால் குடும்பத்தோடு தங்கு, உன் நாட்டுக்காரர்களோடு ஒட்டிக்கொள்ளாதே, யார் எதற்குக் கூப்பிட்டாலும் போ.

கடைசியாகப் பலகையில் ஒரு கோடு வரைவேன். ஆங்கில 'யு' எழுத்து மாதிரி, மேலே தொடங்கிக் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறும். முதலில் எல்லாம் அழகாக இருக்கும், நடுவில் எதுவும் பிடிக்காமல் போகும், பயப்படாதீர்கள், தானாகச் சரியாகிவிடும் என்று சொல்வேன். மாணவர்கள் அதைப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் படித்தது ரொம்பப் பிந்தித்தான். 1955-ல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்கிற நார்வே சமூகவியலாளர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்த 200 நார்வேக்காரர்களை விசாரித்து எழுதியதிலிருந்து வந்தது. 6 மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்கள் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள், 6 முதல் 18 மாதம் வரை இருந்தவர்கள் அந்த அளவுக்கு இல்லை, அதற்கும் மேல் இருந்தவர்கள் மறுபடி நன்றாக இருந்தார்கள். ஒரே ஆளைத் தொடர்ந்து பார்த்து வரைந்த கோடு இல்லை அது. வெவ்வேறு காலம் தங்கிய வெவ்வேறு ஆட்கள். இதைப் படித்துவிட்டு எனக்கு வியர்த்தது. என் மாணவர்களில் பெரும்பாலானவர்கள் போவது நாலு மாதம், ஐந்து மாதம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் பள்ளம் தொடங்குவதற்கு முன்னாலேயே திரும்பி வந்துவிடுகிறவர்களிடம், பள்ளத்தைத் தாண்டினால் மேடு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்றாவது வாரமே அழுகிற பையன், கோட்டில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடியிருப்பான். எட்டு நாள் மட்டும் வாழ்ந்தேன் என்று சொல்கிற பெண்ணுக்கு அந்தக் கோட்டில் இடமே இல்லை.

எட்டு நாள்

அவள் வந்து உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, அந்த வீட்டில் உன்னைச் சரியாக நடத்தவில்லையா என்பது. அவள் பதறிப்போய்விட்டாள். "ஐயோ இல்ல மேடம், அவ்வளவு நல்லவங்க. அதுதான் கஷ்டமே."

மாடியில் தனி அறை கொடுத்திருந்தார்கள். திங்கள்கிழமை தோறும் துவைத்து மடித்த துண்டு கதவுக்கு வெளியே இருக்கும். இரவு அவள் கீழே இறங்கி வரும்போது தட்டு வைத்து உணவு பரிமாறியிருக்கும். சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்தால் அந்த வீட்டம்மா மெதுவாகக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நீ படிக்க வந்தவள், போய்ப் படி என்பார். தினமும் மூன்று கேள்வி கேட்பார்கள். வகுப்பு எப்படிப் போகிறது, அறை குளிராக இருக்கிறதா, ஏதாவது வேண்டுமா. அந்த மூன்றுக்கும் பதில் அவளுக்கு இரண்டாவது வாரத்திலேயே மனப்பாடம் ஆகிவிட்டது. நன்றாகப் போகிறது, குளிரவில்லை, எதுவும் வேண்டாம், மிக்க நன்றி. அதற்கப்புறம் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வீடியோ அழைப்பு. இப்படியே எட்டு வாரம்.

ஒன்பதாவது வாரம் அந்த வீட்டம்மா படிக்கட்டில் விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. கணவருக்கு ஷிப்ட் வேலை. வீட்டில் ஏழு வயதுப் பையன். அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர ஆள் இல்லை. ரொம்பத் தயங்கித் தயங்கி அந்த மனிதர் இவளிடம் கேட்டிருக்கிறார், பள்ளிக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். பள்ளி வாசலில் ஆசிரியை, நீங்கள் இவனுக்கு என்ன உறவு என்று கேட்டபோது இவளிடம் அதற்கு வார்த்தை இல்லை. விருந்தாளியா, வாடகைக்கு இருக்கிறவளா, அக்காவா? 'நான் அவர்கள் வீட்டில் இருக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறாள். வழியெல்லாம் அந்தப் பையன் அவளுடைய உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே வந்தானாம். பெரியவர்கள் மரியாதைக்காக விட்டுவிடுகிற தப்பையெல்லாம் அவன் ஒன்றுகூட விடவில்லை. அன்றைக்கு மருந்துக் கடைக்குப் போனாள். மறுநாள் அவனுடைய நீச்சல் வகுப்புக்குப் போன் செய்து வர முடியாது என்று சொன்னாள். எதிரில் முகம் இல்லாமல் அந்த மொழியில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. நாலாம் நாள் அவன் சாலையில் கையை உதறிவிட்டு ஓடியபோது பிடித்து இழுத்து நிறுத்திச் சத்தம் போட்டிருக்கிறாள்.

அந்த இடத்துக்கு வந்ததும் அவள் குரல் மாறியது. "அவனத் திட்டறதுக்கு எனக்கு வார்த்தை தேவைப்பட்டுச்சு மேடம். அதுவரைக்கும் அந்த மொழியில எங்கிட்ட நன்றி சொல்றதுக்கு மட்டும்தான் வார்த்தை இருந்துச்சு."

ஒன்பதாம் நாள் அந்த அம்மாவின் தங்கை வெளியூரிலிருந்து வந்துவிட்டார். அன்று இரவு இவள் கீழே இறங்கி வந்தபோது மேசையில் தட்டு வைத்திருந்தது. எல்லோரும் அவளுக்கு நன்றி சொன்னார்கள், பரிசுகூடக் கொடுத்தார்கள். இவள் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

விருந்து

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாம் சொல்கிறோம். பெரும்பாலும் விருந்து கொடுக்கிறவர்களின் அலுப்பை நினைத்துத்தான் சொல்கிறோம். அன்றைக்கு எனக்கு அது மறுபக்கத்திலிருந்து கேட்டது. நாலு மாதம் விருந்தாளியாகவே இருப்பது எப்படிப்பட்ட தண்டனை! ஒரு வீட்டில் நம்மிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை என்றால், நாம் அங்கே இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். தட்டை வாங்கிக்கொள்கிற கை அன்பான கைதான். அந்த அன்புதான் அவளை மாடியிலேயே நிறுத்தியது. கலாச்சாரத்துக்குள் போவது என்று நான் பெரிய வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தது, அந்த வீட்டில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்த அன்றுதான் நடந்திருக்கிறது, வேலை போன அன்று நின்றுவிட்டது.

பிற்பாடு, அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தி 2009-ல் வெளியான ஓர் ஆய்வைத் தேடிப் படித்தேன். மைக்கேல் வான்டி பெர்க்கும் சக ஆய்வாளர்களும் 61 வெளிநாட்டுப் படிப்புத் திட்டங்களில் போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க மாணவர்களைப் பார்த்து எழுதியது. குடும்பத்தோடு தங்கினால் மட்டும் பிற கலாச்சாரத்தைப் புரிந்துகொள்கிற திறன் வளர்ந்துவிடுவதில்லை, அந்தக் குடும்பத்தோடு உண்மையில் நேரம் செலவழித்தவர்களுக்குத்தான் பலன் என்று அதில் வருகிறது. அங்கேயே ஒரு வழிகாட்டி அடிக்கடி உட்கார வைத்துப் பேசினால் பெரிய வித்தியாசம் தெரிகிறது என்பதும் வருகிறது. என் மாணவி இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டது அதைத்தான். நான் வீட்டைப் பார்த்துக் கொடுத்தேன், அந்த வீட்டில் அவளுக்கு என்ன இடம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்காரர்களுக்கு நாங்கள் அனுப்பிய கடிதத்தில்கூட மாணவர்களுக்கு வசதி செய்து கொடுங்கள் என்றுதான் இருந்தது. வேலை கொடுங்கள் என்று இல்லை. இப்போது இருக்கிறது. தட்டுக் கழுவ விடுங்கள், கடைக்கு அனுப்புங்கள், தப்பாகப் பேசினால் திருத்துங்கள் என்று வெளிப்படையாகவே எழுதுகிறோம். சில குடும்பங்களுக்கு அது பிடிப்பதில்லை. பரவாயில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எனக்கு இன்னும் வலிக்கிறது. 'உன் நாட்டுக்காரர்களோடு ஒட்டிக்கொள்ளாதே' என்று சொல்வேன் என்றேன் இல்லையா, அதை ஒரு பையன் அப்படியே எடுத்துக்கொண்டான். அவனுடைய விடுதியில் இரண்டு மாடி கீழே அவன் மொழி பேசுகிற ஐந்து பேர் இருந்திருக்கிறார்கள். வாசலில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவானாம். உள்ளூர் நண்பர்கள் யாரும் இன்னும் அமையவில்லை. அந்த நேரத்தில் கடுமையான காய்ச்சல். மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் படுத்துக் கிடந்திருக்கிறான். கீழே போய்க் கதவைத் தட்ட வெட்கம், அவ்வளவு நாள் விலகியே இருந்துவிட்டானே. இதை அவன் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, நான் சொன்னபடி நடந்துகொண்டதற்குச் சான்றாகச் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

கலாச்சார அதிர்ச்சி என்கிற சொல்லைப் பரப்பியவர் கலெர்வோ ஓபெர்க் என்கிற மானிடவியலாளர். 1954-ல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பெண்கள் சங்கத்தில் அவர் பேசிய உரை ரொம்பச் சின்னது, படித்தால் இன்றைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். எப்போது கை குலுக்குவது, எந்த அழைப்பை ஏற்பது, எதை மறுப்பது, ஒருவர் சொல்வதை எப்போது நிஜமாக எடுத்துக்கொள்வது என்று நாம் யோசிக்காமலே செய்கிற நூறு சின்ன விஷயங்கள் ஒரே நாளில் கையை விட்டுப் போவதுதான் அந்த அதிர்ச்சி என்கிறார். அந்த நாட்டு மக்களைத் தெரிந்துகொள்வதும் அவர்கள் மொழியைக் கற்பதும்தான் மருந்து என்கிறார். இதுவரைக்கும் நானும் கூட்டத்தில் சொல்லுவேன். கடைசியில் அவர் சொல்வதை மட்டும் விட்டுவிட்டிருந்தேன்: அதிர்ச்சியில் இருப்பவர் சொந்த நாட்டுக்காரர்கள் மேல் சாய்வது இயல்பு, முன்னாலேயே வந்து பழகியவர்கள் அவரிடம் பொறுமையோடும் பரிவோடும் இருக்க வேண்டும். அந்த ஐந்து பேரின் கதவை முதல் வாரத்திலேயே போய்த் தட்டு என்று இப்போது சொல்கிறேன். அங்கேயே குடியிருந்துவிடாதே என்பது அதற்கு அடுத்த வாக்கியம்.

ஐந்து மணி

சரி, எதிர்பார்ப்பு இருக்கிற இடத்தில்தான் மனிதர் உள்ளே போகிறார் என்றால், அதை இங்கிருந்தே எப்படி ஏற்பாடு செய்வது? யாருடைய கணுக்காலும் முறிவதற்காகக் காத்திருக்க முடியாது. ரொம்ப நாள் யோசித்து, கடைசியில் ஒரே ஒரு கேள்விக்கு வந்தேன். எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம் என்பதெல்லாம் பேசி முடிந்த பிறகு கேட்பேன்: அங்கே போனபின் மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கே இருப்பாய், நீ வரவில்லை என்றால் யார் கவனிப்பார்கள்?

ஐந்து மணியைச் சும்மா வைக்கவில்லை. இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரம் ரொம்ப முக்கியம். அங்கே வகுப்பு முடிந்து ஊர் வெளியே வந்து கூடுகிற நேரமும், இங்கே வீட்டில் எல்லோரும் வேலை முடித்து வீடியோ அழைப்புக்குக் காத்திருக்கிற நேரமும் ஒன்றாக விழுகிறது. பயிற்சிகள், பாட்டுக் குழுக்கள், விளையாட்டு, பூங்காவில் நாயோடு நடக்கிற கிழவர், எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான். அந்த நேரத்தில் அறைக்குள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் முழுக்கக் கைவிட்டுப் போகிறது. வீட்டோடு பேசாதே என்று நான் சொல்லவில்லை, நேரத்தை மாற்றிக்கொள் என்கிறேன். பெற்றோரிடமும் இதை நானே பேசுகிறேன். முதலில் முகம் வாடும், அப்புறம் புரிந்துகொள்கிறார்கள்.

கிழமை சொன்னதும் காரணத்தோடுதான். விழா, சுற்றுலா, அறிமுக விருந்து எல்லாம் ஒருமுறை நடக்கிறவை. வாராவாரம் அதே முகங்கள் வருகிற இடத்தில்தான் பேர் கேட்பார்கள், போன வாரம் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் 1915 முதல் கோடைகால மொழிப் பள்ளி நடக்கிறது. அங்கே சேருகிறவர்கள் கற்கிற மொழியை மட்டுமே பேசுவோம் என்று உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார்கள், அதற்காக யாரும் வேறு நாட்டுக்குப் போவதில்லை. தூரம் போனால்தான் மூழ்க முடியும் என்று நினைக்கிற மாணவர்களுக்கு இதைச் சொல்வேன். பத்தாயிரம் கிலோமீட்டர் போயும் அறைக்குள்ளேயே இருந்துவிட முடியும் என்பதை நான்தான் பார்த்தேனே.

கடன் வாங்கிக்கொண்டு முழுப் பட்டமும் படிக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "எங்களுக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது மேடம்? வகுப்பு போக வேலைக்குப் போகணும்." நியாயமான கேள்வி. பகுதி நேர வேலை படிப்பைக் கெடுக்கும் என்றுதான் நானும் முன்பெல்லாம் சொன்னேன். இப்போது அப்படிப் பொத்தாம் பொதுவாகச் சொல்வதில்லை. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வகுப்பு நடக்கிற காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை என்று விசாவிலேயே எல்லை இருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது. அதற்குள்ளே, சக ஊழியர் நம்மை நம்பி நிற்கிற ஒரு வேலை, பத்துச் சுற்றுலாவை விட உள்ளே கூட்டிக்கொண்டு போகும். வேலையிலும் தன் மொழிக்காரர்கள் நடுவிலேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை. அவர்களிடம் செவ்வாய்க்கிழமையைக் கேட்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் கேட்கிறேன்.

போன மாதம் ஒரு பையனிடம் கேட்டேன். "வகுப்பு முடிஞ்சா ரூமுக்குப் போவேன் மேடம், வேற என்ன?" என்றான். என்ன பிடிக்கும் என்று தோண்டித் தோண்டிக் கேட்டதில் சைக்கிளில் வந்து நின்றான். கோணல் சக்கரத்தை நேராக்கத் தெரியுமாம். அவன் போகிற பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்துகிற சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று இருப்பது தெரிந்தது. அவர்களுக்கு எழுது, ஆங்கிலத்தில் வேண்டாம், அவர்கள் மொழியிலேயே எழுது என்றேன். ஆறு வரி எழுத ஒன்றரை மணி நேரம் பிடித்தது. மூன்று நாள் கழித்துப் பதிலோடு வந்தான், முகத்தில் சந்தோஷம் இல்லை. செவ்வாய்க்கிழமை ஆள் குறைவு, வருவதானால் வாராவாரம் வர வேண்டும், வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்ல வேண்டும், சாவி இரண்டுதான் இருக்கிறது, ஒன்றை உன்னிடம்தான் கொடுப்போம் என்று எழுதியிருந்தார்கள்.

"ரொம்பக் கண்டிப்பா இருக்காங்க மேடம். வேற எடம் பாக்கலாமா?"

பார்க்க வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் 'கட்டாயம் வருகிறேன்' என்பதை அந்த மொழியில் எப்படிச் சொல்வது என்று கேட்டான். எனக்கு அந்த மொழி தெரியாது. அவனே அகராதியில் தேடி, இரண்டு தடவை அடித்து, எழுதி அனுப்பினான்.